'நாமார்க்கும் குடியல்லோம்' என்று பாடவைத்துவிட்டுக் காலில் விழச் சொல்லலாமா?

கெடிலக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

நண்பர்களே, வீட்டில் ஒரு சின்னச் சண்டை. பெரிய விஷயமில்லைதான். ஆனாலும் மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

நாங்கள் திருப்பாதிரிப்புலியூர். சைவக் குடும்பம். தீவிரமெல்லாம் கிடையாது, பிரதோஷத்துக்குப் பாடலீசுவரரைப் பார்ப்பதோடு சரி. போன வாரம் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு சாமியார் வந்திருந்தார். எல்லோரும் வரிசையில் போய் விழுந்து கும்பிட்டார்கள். என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். அவன் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கி நின்றான். நான் தோளில் கை வைத்து அழுத்தினேன். கையைக் கூப்பினான், அவ்வளவுதான். முதுகு வளையவில்லை. சாமியார் ஒன்றும் சொல்லாமல் சிரித்தபடி திருநீறு கொடுத்துவிட்டார். எனக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு அவன் சொன்னது: "சின்ன வயதில் என்னைத் தேவார வகுப்புக்கு அனுப்பியது நீதானே அப்பா? நாமார்க்கும் குடியல்லோம் என்று மனப்பாடம் செய்யச் சொன்னாய். நான் அதை நம்பிவிட்டேன். நம்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு அந்தப் பாட்டை எடுத்து முழுதாகப் படித்தேன். சிக்கல் கூடிவிட்டது. முதல் அடியில் யாருக்கும் குடியல்லோம், எமனுக்கும் அஞ்சோம் என்கிறார் அப்பர். அதே பாட்டின் முடிவில் சங்கரனுக்கு 'மீளா ஆள்' என்கிறார். மீளவே வழியில்லாத அடிமை. நாலு அடிக்குள் விடுதலையும் அடிமைத்தனமும் எப்படிச் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன? மனிதனுக்குத் தலைக்கு மேல் யாராவது இருந்தே தீர வேண்டுமா, அதுதான் நம் பிறவிக் குணமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பு மசி (9.52)

முதலில் பையனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள் சார். அப்புறம் பேசலாம்.

அதிகைப் பேரன் (10.35)

பிரியாணிக்கு நானும் வருகிறேன் அண்ணே. ஆனால் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

என் தாத்தா ஓதுவார். நான் வளர்ந்ததே திருவதிகைக் கோயில் பிரகாரத்தில்தான். கதை பலருக்கும் தெரியும், இருந்தாலும் இந்த இடத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அப்பர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர்க்காரர். சமணத்தில் சேர்ந்து, கெடிலக்கரை ஐயா, உங்கள் ஊரிலேயே, அன்றைக்குப் பாடலிபுத்திரம் என்று பெயர், அங்கே பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பொறுப்பில் இருந்தவர். சூலை நோய் வந்து துடித்தபோது அக்கா திலகவதியாரைத் தேடி அதிகைக்கு ஓடிவந்து அவர் காலில் விழுந்தார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு பாடினார், நோய் நின்றது. பல்லவ மன்னன் காதுக்குச் செய்தி போனது. அழைத்து வாருங்கள் என்று அமைச்சர்களை அனுப்பினான். வந்து நின்றவர்களுக்கு அவர் சொன்ன பதில்தான் இந்தப் பாட்டு என்கிறார் சேக்கிழார்.

அதனால் 'குடி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ராஜா கூப்பிட்டால் போயாக வேண்டியவனுக்குப் பெயர் குடி. பிரஜை. நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன் என்கிறார். 'மீளா ஆள்' என்பது அதற்கு முரண் இல்லை, அதற்கான காரணம். ஏற்கெனவே ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், உனக்குக் கொடுக்க என்னிடம் மிச்சம் இல்லை.

இதற்குப் பின்னால் சைவ சித்தாந்தம் மனிதனைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. உயிரோடு ஆணவம் என்று ஒரு மலம், அதாவது அழுக்கு, ஒட்டியிருக்கிறது. எப்போது ஒட்டியது? செம்பில் களிம்பு எப்போது வந்தது என்று கேட்பதுபோலத்தான். செம்பு இருந்த நாளிலிருந்தே களிம்பும் இருக்கிறது. யாரும் தப்பு செய்து வந்ததல்ல. இரண்டாவது, உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பளிங்கைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பு, பச்சையில் வைத்தால் பச்சை. எதையும் சாராமல் தனியாக நிற்பது உயிருக்குக் கிடையாது. ஒன்று பாசம் என்ற கட்டோடு, இல்லை பதி என்ற இறைவனோடு. 'நான் யாரையும் சாராதவன்' என்று ஒருவன் மார்தட்டினால், சித்தாந்தி பார்வையில் அவன் ஆணவத்தைச் சார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

கறுப்பு மசி (11.05)

தம்பி அழகாக எழுதுகிறீர்கள், பாராட்டு. ஆனால் இது கைதியைக் கூப்பிட்டு உனக்கு வேலூர் ஜெயிலா கடலூர் ஜெயிலா, எது வேண்டும் என்று கேட்கிற சுதந்திரம். வெளியே போகும் வாசல் உங்கள் வரைபடத்திலேயே இல்லை. வாசல் கேட்டால் அதற்கும் ஆணவம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

சேக்கிழார் கதையை நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து நான் சொல்லட்டுமா? அரசன் அப்பரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான். அவர் மிதந்து கரையேறிய இடம் என்று நம் ஊரில் கரையேறவிட்ட குப்பம் இருக்கிறது. சரி. கடைசியில் அரசன் சைவனாகிறான். என்ன செய்தான்? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபர ஈச்சுரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான். இதைச் சொல்வது நான் இல்லை, பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அந்தப் பாடலிபுத்திரம் சாதாரண ஊரும் இல்லை. 458இல் லோகவிபாகம் என்ற சமண நூல் எழுதி முடிக்கப்பட்ட ஊர் அதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதிகாரம் கட்சி மாறியது, கடப்பாரை மாறவில்லை. யாருக்கும் குடியல்லோம் என்றவர் பக்கம் அரசன் வந்த அன்றைக்கு, இன்னொரு கூட்டம் குடியாகக்கூட இருக்க முடியாமல் போயிற்று.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மனிதன் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிற பிறவி, அதனால் பயந்துபோய் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ராஜாவிடம் உரிமையை ஒப்படைத்தார்கள் என்றார் ஹாப்ஸ். 1651இல். நம் கடலூரில் 1690இல் நடந்ததைப் பாருங்கள். தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை. குண்டு விழுந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. குண்டு உப்பலவாடிக்காரர் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பாட்டனிடம் யாராவது கையெழுத்து வாங்கினார்களா? இதுதான் சமூக ஒப்பந்தம்.

உப்பலவாடி (11.20)

வாங்கவில்லை. இரவு வணக்கம்.

மிஷன் தெரு டீச்சர் (திங்கள், காலை 6.15)

கெடிலக்கரை தம்பிக்கு வணக்கம். நான் புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, கத்தோலிக்கக் குடும்பம். காலைப் பூசைக்குப் போவதற்கு முன் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பும் களிம்பும் படித்ததும் எனக்கு ஞானோபதேசத்தில் படித்த ஜென்மப் பாவம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. களிம்பு யாருடைய குற்றமும் இல்லை என்கிறார் அதிகைத் தம்பி. எங்களுக்கு அது ஆதாம் செய்த குற்றம், வம்சத்தோடு வருகிறது. எங்கள் திருச்சபையின் புனிதர் அகுஸ்தினார் இதில் பிடிவாதமாக நின்றார். அவர் காலத்தில் பெலாஜியுஸ் என்று ஒரு துறவி, மனிதன் நல்லவனாகத்தான் பிறக்கிறான், முயன்றால் பாவமில்லாமல் வாழலாம் என்று போதித்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அவருடைய போதனையைக் கண்டனம் செய்தது. முப்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், காலையில் முதல் பீரியடில் நான் பெலாஜியுஸ் கட்சி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அகுஸ்தினார் கட்சி.

கீழ்ப்படிவதைப் பற்றி வேதத்திலேயே இரண்டு குரல் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அடங்கி நடங்கள், எல்லா அதிகாரமும் கடவுளிடமிருந்தே வருகிறது என்று ரோமையருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் பணியில் பேதுரு சொல்கிறார். அப்பர் சொன்னது இந்த இரண்டாவது குரல்தான் என்று எனக்குப் படுகிறது. எந்தக் குரலை எப்போது எடுப்பது என்பதில்தான் நம் யோக்கியதை தெரியும்.

எங்கள் சம்பா கோவிலில் ஒரு காலத்தில் உள்ளே குறுக்குச் சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர்கள் மறுபக்கம். 1745இல் அதை இடித்ததையும், அதனால் வந்த ரகளையையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மனிதர் எல்லோரும் ஒரே ஆதாமின் பாவத்தில் பிறந்தவர்கள் என்று நம்புகிறவர்கள், அந்தப் பாவத்தைக்கூடச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. மணி அடிக்கிறது, வருகிறேன்.

கறுப்பு மசி (7.02)

டீச்சரம்மா, உங்களுக்கு ஒரு சல்யூட்.

பந்தர் பாய் (7.45)

அஸ்ஸலாமு அலைக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். கடையைத் திறக்கும் முன் சுருக்கமாக.

'மீளா ஆள்' என்பதில் எனக்கு அந்நியமாக ஒன்றுமே இல்லை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான், அப்துல் காதர், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதுதான் பெயர். அப்து என்றால் அடிமை. அப்பர் பாட்டில் சொன்னதை நாங்கள் ரேஷன் கார்டிலேயே எழுதிவைத்திருக்கிறோம். எல்லோரும் ஒருவனுக்கே அடிமை என்றால் ஒருவருக்கொருவர் அடிமை இல்லை என்று பொருள். பெருமையாகச் சொல்கிறேன், ஆனால் அடிமை வியாபாரம் செய்த முஸ்லிம்களும் வரலாற்றில் இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. மசி அண்ணன் அதைக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

பிறவிக் குணம் பற்றி: ஜென்மப் பாவம் எங்களிடம் இல்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், சுத்தமான இயல்பில்தான் பிறக்கிறது. அதே சமயம், பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப் போகிறேன் என்று அல்லாஹ் சொன்னபோது, ரத்தம் சிந்துகிறவனையா வைக்கப் போகிறாய் என்று மலக்குகள், அதாவது வானவர்கள், கேட்டதும் குர்ஆனில் இருக்கிறது. அந்தக் கேள்வி தப்பு என்று யாரும் சொல்ல முடியாது, பேப்பரைப் பிரித்தால் தெரியும்.

எல்லாம் விதி என்றால் நம் கையில் என்ன இருக்கிறது? இதில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. மனிதன் காற்றில் பறக்கும் சருகு என்றது ஒரு கூட்டம். தன் செயலைத் தானே உண்டாக்குகிறான் என்றது இன்னொரு கூட்டம். அஷ்அரி இமாம் நடுவில் வந்து, செயலைப் படைப்பது அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்வது மனிதன் என்றார். எனக்கு அதைவிடக் கலீஃபா உமர் கதைதான் புரிகிறது. ஷாம் (சிரியா) நாட்டுக்குப் போகிற வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்பினார். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா கேட்டார். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறேன் என்றார் உமர். உன் ஒட்டகத்தோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினால், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வறட்சி, எதில் மேய்த்தாலும் விதிப்படிதானே மேய்க்கிறாய் என்று கேட்டாராம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் இதைச் சொல்லித்தான் ஒரு பெரியவரைக் கூரை வீட்டைவிட்டு வெளியே இழுத்துவந்தோம். காலையில் அந்தக் கூரை இல்லை.

ஔஷதகிரி (8.30)

திருவகீந்திரபுரத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. இதே சண்டையை எங்கள் பெருமாள் கோயில் பக்கம் ஒரு குரங்கையும் ஒரு பூனையையும் வைத்து முடித்துவிட்டார்கள். முடித்தார்களா, மூட்டிவிட்டார்களா தெரியவில்லை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். பகவான் காப்பாற்ற நம் பக்கத்திலிருந்து கொஞ்சமாவது பிடி வேண்டும் என்பது வடகலை. பிடிக்கிறேன் என்ற நினைப்பே இடைஞ்சல் என்பது தென்கலை. வடகலை ஆச்சாரியர் வேதாந்த தேசிகர் இங்கே பல வருடம் தங்கியிருந்தார். அவர் கையால் கட்டியது என்று ஒரு கிணறு காட்டுவார்கள். செங்கல்லை எடுத்து அடுக்கியவர் குரங்குக் கட்சியாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் கெடிலக்கரை சார், இரண்டு கட்சியிலும் குட்டியின் கழுத்தைப் பின்னாலிருந்து அழுத்துகிற ஆள் கிடையாது.

கெடிலக்கரை (8.41)

சுரீர் என்றது. ஏற்றுக்கொள்கிறேன்.

கடலோடி (திங்கள், மதியம் 1.10)

நான் பெரிய படிப்பு இல்லை. கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு குப்பம், பெயர் வேண்டாம். பாய் புயலைப் பற்றி எழுதியதால் நானும் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கம் சாமியார் கிடையாது, ஊர்தான் சாமி. பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். இன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்றால் யாரும் படகைத் தள்ள மாட்டான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஊர்க் கட்டுப்பாட்டை மீறி அப்பா ஒருநாள் கடலுக்குப் போய்விட்டார். வீட்டில் அரிசி இல்லை, அதுதான் காரணம். தண்டம் போட்டார்கள். பணம் கட்ட முடியவில்லை. ஊர்விலக்கு. மூன்று மாதம் யாரும் எங்களோடு பேசவில்லை, கடையில் சாமான் தரவில்லை, மீனை ஏலத்தில் எடுக்கவில்லை. கடைசியில் கோயில் முன்னால் ஊர் கூடிய இடத்தில் அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஊர் மன்னித்தது. எழுந்து மார்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, வாடா வலையைப் பார்க்கலாம் என்றார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அழுதிருந்தாலாவது மறந்திருப்பேன்.

இதோடு முடிந்தால் மசி அண்ணன் கட்சியில் சேர்ந்திருப்பேன். 2004இல் கடல் வந்தது. வெளியிலிருந்து அரிசியும் பணமும் படகும் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் அதே பஞ்சாயத்துதான் எல்லாவற்றையும் வாங்கி, விதவை, கிழவன், படகு உள்ளவன், இல்லாதவன் என்று பார்க்காமல் எண்ணிப் பங்கு வைத்தது. எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. ஊர் இல்லையென்றால் கை நீண்டவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

இப்போதும் சுருக்குமடி வலை தகராறு வரும்போது இதையேதான் பார்க்கிறேன். கட்டுப்பாடு போடாவிட்டால் குஞ்சு மீன்வரை வாரிவிடுவார்கள். நானும் வாருவேன், பொய் சொல்ல மாட்டேன். மனுஷனை அவன் போக்கில் விட்டால் கடல் காலி. ஊர் போக்கில் விட்டால் ஒருவன் மணலில் விழுகிறான். நீங்கள் எல்லோரும் கடவுளைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

அதிகைப் பேரன் (1.40)

அண்ணே, பதில் இல்லை என்னிடம்.

கறுப்பு மசி (2.15)

என்னிடமும் இல்லை. உங்கள் அப்பா முகம் கண்ணுக்குள் நிற்கிறது.

சொல்தா வீட்டுப் பேரன் (மாலை 5.30)

புதுச்சேரி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் இந்தப் பெயர். விழுவதைப் பற்றியே பேசுகிறோம், நான் காலில் போடுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் இங்கே நீதிமன்றத்துக்கு ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு போனார். இந்தியர்கள் அப்படி வரக் கூடாது என்று தண்டித்தார்கள். மனிதர் விடவில்லை. பாரீஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். அதோடு நிற்கவில்லை. சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று 1881இல் ஆணை வந்தபோது முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர் வைத்துக்கொண்டது லாபோர்த். கதவு என்று அர்த்தம். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறையப் பேர் அந்தக் கதவு வழியாகப் போனார்கள்.

கறுப்பு மசி அண்ணன் வாசல் கேட்டாரே, அதனால்தான் இதைச் சொன்னேன். ஆனால் அந்தக் கதவு எங்கே திறந்தது? இன்னொரு அதிகாரத்தின் வீட்டுக்குள். பொன்னுத்தம்பிப் பிள்ளைக்கு வழக்கத்தின் ஆட்சி போயிற்று, பிரான்ஸின் ஆட்சி வந்தது. மனிதன் சுதந்திரமாகப் பிறந்தும் எங்கும் விலங்கோடு இருக்கிறான் என்று ரூசோ 1762இல் எழுதினார், அதைப் பாடமாக வைத்துக்கொண்டே காலனி நடத்தினார்கள். அதிகைத் தம்பி சொன்ன 'ஒன்றை விட்டு ஒன்றைச் சார்வது' இதுதானோ என்று சந்தேகம் வருகிறது, எனக்கு மத நம்பிக்கை இல்லாவிட்டாலும்.

கறுப்பு மசி (5.50)

இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரெஞ்சுச் சட்டத்தை எதிர்த்துப் பிரெஞ்சுக் கோர்ட்டிலேயே வாதாட முடிந்தது. சிவன் தீர்ப்புக்கு அப்பீல் எங்கே? கேள்வி கேட்க முடிகிற எஜமான், கேட்க முடியாத எஜமான், இரண்டும் ஒன்றில்லை. கடலோடி அண்ணன் அப்பாவுக்கு இல்லாமல் போனதும் அந்த அப்பீல்தான். அரிசி இல்லை என்பதை எழுந்து சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் அதே ஊர், அதே கட்டுப்பாடு, ஆனால் அவர் மணலில் விழுந்திருக்க வேண்டாம்.

கடலோடி (6.20)

இது கொஞ்சம் பிடிபடுகிறது.

அணையா அடுப்பு (இரவு 8.00)

வடலூர்க்காரன். அரிசி என்று வந்தபிறகும் சும்மா இருந்தால் எனக்கு மரியாதை இல்லை.

வள்ளலார் மனிதனைப் பற்றிப் பேசும்போது பாவம், மலம் என்று ஆரம்பிப்பதைவிடப் பசியிலிருந்து ஆரம்பிப்பதுதான் அதிகம். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஓர் இடம் வரும். உலகம் முழுவதையும் ஒரே குடையில் ஆளுகிற சக்கரவர்த்திகூட, பசி வந்ததும் அதிகாரத் தோரணை எல்லாம் இறங்கிப்போய்ப் பக்கத்தில் இருக்கும் அமைச்சரிடம், பசிக்கிறதே என்ன செய்வது என்று முறையிடுவான் என்கிறார். ஹாப்ஸுக்கு மனிதனின் அடிப்படை பயம். எங்கள் ஐயாவுக்குப் பசி. பயந்தவனுக்கு ராஜா வேண்டும், பசித்தவனுக்கு அடுப்பு போதும். 1867 மே மாதம் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. கருணையிலா ஆட்சி கடுகி ஒழிக என்று எழுதியதும் அவர்தான். ஆட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை, கருணை இல்லாததை மட்டும் போகச் சொன்னார்.

கடலோடி (8.25)

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வடலூருக்கு நான் வந்திருக்கிறேன். தருமச்சாலையில் வயிறாரச் சாப்பிட்டேன். பக்கத்தில் ஞானசபை வாசலில், கொலை புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருந்தது. நான் மீன்காரன். அப்படியே வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். சோற்றுக்குச் சமம், ஜோதிக்குச் சமமில்லையா?

அணையா அடுப்பு (9.10)

கோபமெல்லாம் இல்லை. நியாயமான கேள்வி. இத்தனை வருடம் போய்வருகிறேன், வாசலில் நின்று திரும்பியவர் பக்கத்திலிருந்து யோசித்ததே இல்லை.

என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். சோறு போடுவதற்கு ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காதே என்று எழுதியிருக்கிறார். அங்கே நிபந்தனை இல்லை. சபைக்கு நிபந்தனை உண்டு, ஆனால் அது பிறப்பை வைத்து இல்லை. எந்தச் சாதிக்காரரும் புலால் விட்டால் போகலாம். விடுவதும் விடாததும் உங்கள் கையில். ஆனால் கடலை நம்பிப் பிறந்த குப்பத்தில் அது எவ்வளவு தூரம் 'உங்கள் கையில்' என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு நான் இன்னும் யோசிக்க வேண்டும்.

குயிலாப்பாளையம் (9.45)

நடுவில் நுழைகிறேன். ஆரோவில்லில் வேலைக்குப் போகிறவன் நான், ஆரோவில்வாசி இல்லை. 1968 பிப்ரவரி 28இல் படித்த சாசனத்தின் முதல் வரி, ஆரோவில் தனியாக யாருக்கும் சொந்தமில்லை, மனித குலம் முழுவதற்கும் சொந்தம் என்பது. அடுத்த வரி, ஆனால் இங்கே வாழ வேண்டுமானால் தெய்வ உணர்வின் மனமுவந்த ஊழியனாக இருக்க வேண்டும் என்பது. இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைத்தது. முதல் வரி நாமார்க்கும் குடியல்லோம், இரண்டாவது வரி மீளா ஆள். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து பிரெஞ்சு மொழியில் அதே பாட்டு! 'மனமுவந்த' என்று ஒரு சொல் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு 1988இல் பாராளுமன்றம் அதற்கு ஒரு சட்டமும் போட்டது. யாருக்கும் சொந்தமில்லாததை நிர்வாகம் பண்ணவும் ஒரு அலுவலகம் வேண்டியிருக்கிறது.

மட்டுறுத்துனர் (9.50)

ஆரோவில் நிர்வாகத் தகராறுகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம், தயவுசெய்து.

அதிகைப் பேரன் (10.30)

'மனமுவந்த' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கெடிலக்கரை ஐயாவுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பர் மனிதர் யாருக்கும் பணியவே இல்லை என்று பையன் நினைத்திருந்தால் அது சரியில்லை. அக்கா காலில் விழுந்தார். தம்மைவிட எத்தனையோ வயது சின்னவரான சம்பந்தரைத் திருப்பூந்துருத்தியில் எதிர்கொண்டபோது, கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து அவர் பல்லக்கைத் தோளில் சுமந்தார். அப்பர் எங்கே என்று மேலிருந்து சம்பந்தர் கேட்டதும், கீழேயிருந்து இங்கே இருக்கிறேன் என்றார். பதறி இறங்கி அந்தப் பிள்ளை அவரை வணங்கியது. அரசன் அனுப்பிய அமைச்சருக்கு வளையாத முதுகு, யாருமே கேட்காத இடத்தில் பல்லக்குக்கு அடியில் போயிற்று.

சிதம்பரத்திலும் ஒன்று. உமாபதி சிவம் தீட்சிதர். பட்டப்பகலில் தீவட்டியோடு பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார். திண்ணையிலிருந்த மறைஞான சம்பந்தர் (இவர் வேறு சம்பந்தர்), பட்ட கட்டையில் பகல் குருடு போகிறது பார் என்றார். காதில் விழுந்ததும் இறங்கி அவர் பின்னால் ஓடினார். குரு நெசவாளர் தெருவில் பாவுக்குப் போடும் கஞ்சியை வாங்கிக் குடித்தார், அவர் கையிலிருந்து வழிந்ததை இவர் குடித்தார். தீட்சிதர்கள் விலக்கிவைத்தார்கள், கொற்றவன்குடியில் போய் இருந்தார். கடலோடி அண்ணன் குடும்பத்துக்கு வந்த அதே ஊர்விலக்குதான். ஒருவர் விழுந்ததால் விலக்கப்பட்டார், ஒருவர் விலக்கப்பட்டதால் விழுந்தார்.

கறுப்பு மசி (10.44)

கடைசி வரிக்காக உங்கள் சித்தாந்தத்தை ஒரு நாளைக்கு மன்னிக்கிறேன்.

கெடிலக்கரை (செவ்வாய், இரவு 10.20)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு போனைப் பையனிடம் கொடுத்து முழு இழையையும் படிக்கச் சொன்னேன். கடலோடி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தான். டீச்சரம்மாவின் முதல் பீரியடுக்குச் சிரித்தான். படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் சொன்னான். அந்தச் சாமியாரை அவனுக்குப் பிடித்திருந்ததாம். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி விழ முடியாமல் தடுமாறியபோது, அவரே எழுந்து வந்து பாட்டி கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாராம். நான் அதைக் கவனிக்கவே இல்லை, என் கண் வரிசையில் இருந்தது. "அதைப் பார்த்துவிட்டு விழலாம் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நீ தோளை அழுத்தினாய். அதற்கு அப்புறம் விழுந்தால் அது அவருக்கு இல்லை, உன் கைக்கு. நீ சும்மா இருந்திருந்தால் விழுந்திருப்பேனா மாட்டேனா என்று இனிமேல் எனக்கே தெரியாது."

என்ன பதில் சொல்வது? படுத்துத் தூங்கு, நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றேன்.

கடலோடி (10.31)

நல்ல பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

கறுப்பு மசி (10.33)

பிரியாணி என்ன ஆயிற்று?

கெடிலக்கரை (10.40)

வாங்கிக் கொடுத்தேன் சார். வாசனை பிடித்துப் பார்த்துவிட்டுக் கறி வேண்டாம், காளான் போதும் என்று மாற்றி வரச் சொன்னான். அதையும் நான் சொல்லித்தரவில்லை.